சருகின் விலை

வீட்டுக் கொல்லையில் நான்கு கத்தரிச் செடியும் ஓர் அவரைப் பந்தலும் வைத்துக்கொள்வதற்குச் செலவு என்று தனியே ஒன்று உண்டு என்பதை முந்திய தலைமுறையார் கணக்கில் எழுதி வைத்ததில்லை. விதை, போன வருஷம் கொடியிலேயே முற்றவிட்ட காயிலிருந்து வந்தது. எரு, மாட்டுக் கொட்டிலிலிருந்தும் அடுப்புச் சாம்பலிலிருந்தும் வந்தது. ஜலமோ, கிணற்றடியில் குளித்ததும் பாத்திரம் துலக்கியதுமாக வாய்க்கால் வழியே ஓடி, வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் தானாகவே போய்ச் சேர்ந்தது. பணம் செலவாகவில்லையே தவிர, அந்தத் தோட்டம் இனாமாக விளைந்தது என்று சொல்வது நியாயமாகாது. விடியற்காலையில் ராட்டினத்தில் குடம் குடமாக இறைத்த பெண்களின் தோள்வலி எந்தக் கணக்கிலும் ஏறாமலே போயிற்று.

இன்று அதே நான்கு கத்தரிச் செடியைச் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஒரு மாடி வீட்டில் வளர்க்க விரும்பும் கிருகஸ்தர், செடி வைக்கப் பை, பையை நிரப்பத் தென்னை நார்க்கழிவுக் கட்டி, மண்புழு உரப் பொட்டலம், வீரிய ஒட்டு விதை, வேப்பெண்ணெய், வெயிலைத் தணிக்க நிழல்வலை, பைகளை வரிசையாக நிறுத்த இரும்புச் சட்டம் என்று ஒவ்வொன்றையும் கடையில் வாங்கி, மிகுந்த உற்சாகத்தோடு ஆடியில் விதைத்து, மார்கழி வரையில் அக்கறையாகப் பேணி, சித்திரை வெயில் வந்ததும் காலையும் மாலையும் வாளி சுமந்து களைத்து, கடைசியில் அந்த வருஷம் பறித்த காய்களின் அடக்க விலையைக் கணக்கிட்டுப் பார்த்து மனம் தளர்ந்து போகிறார். எந்த மாடியில் ஏறிப் பார்த்தாலும் மூலையில் வெயிலில் நைந்து பொடியாகும் செடிப் பைகள் ஒரு குவியலாகக் கிடப்பதன் காரணம் இதுதான். ஆசை குறைந்து தோட்டம் கைவிடப்படுவது அபூர்வம். கணக்கு ஒத்துவராமல் கைவிடப்படுவதே சகஜம். அந்தக் கணக்கு பிசகுகிற இடமோ, பெரும்பாலும், வெயிலில் வெறுமனே திறந்து கிடக்கும் மண்.

மண்ணைச் சருகாலும் தழையாலும் மூடிவைக்கும் முறையை நம்முடைய விவசாயிகள் மூடாக்கு என்று சொல்லுகிறார்கள். வீட்டுத் தோட்டத்தின் செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் விதையின் விலையையும் உரத்தின் விலையையும் பற்றி விஸ்தாரமாகப் பேசிவிட்டு, மூடாக்கைக் கடைசியில் ஓர் உபசார வார்த்தையாகச் சொல்லி முடித்து விடுகிறார்கள். என்னுடைய அபிப்பிராயத்தில் அதைத்தான் முதலில் பேச வேண்டும். ஏனென்றால் மற்ற எல்லாச் செலவுகளும் அதற்கு அடங்கியோ மிஞ்சியோ நிற்பவை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரை 50 கிராம், கிழங்கு 50 கிராம், மற்றக் காய்கள் 200 கிராம், ஆக 300 கிராம் காய்கறி வேண்டும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இது ஒன்றரைக் கிலோ. இப்படிப்பட்ட குடும்பத்துக்கு வருஷம் முழுவதும் காய்கறி கிடைக்க ஏறக்குறைய ஐந்து சென்ட் நிலம், அதாவது 200 சதுர மீட்டர், போதும் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சொல்லுகிறார்கள். நல்லது. ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உயரம் ஜலம் ஆவியாகப் போனால் அது சரியாக ஒரு லிட்டர். கோடையில் ஒரு நாளைக்கு நான்கு மில்லிமீட்டர் போகிறது என்று மிதமாகவே வைத்துக்கொண்டாலும், அந்த ஐந்து சென்ட் தோட்டம் நாள்தோறும் 800 லிட்டர் ஜலத்தை ஆகாயத்துக்கு அனுப்புகிறது. 9,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி ஒன்று அந்தத் தோட்டத்துக்குப் பதினோரு நாள் காணும். 2019-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் பூண்டியும் சோழவரமும் புழலும் செம்பரம்பாக்கமுமாகிய ஏரிகள் வறண்டு, சென்னைவாசிகள் லாரிக்காகக் குடங்களை வரிசை வைத்துக் காத்து நின்றபோது, செடிக்கு ஊற்ற யார் துணிந்திருப்பார்கள்? அந்த வருஷம் கருகிப்போன மாடித் தோட்டங்களில் பல மறுபடி தளிர்க்கவே இல்லை.

ஆவியாகப் போகும் இந்த ஜலம் இரண்டு வழியாகப் போகிறது. ஒரு பங்கு செடியின் வேர் வழியே ஏறி இலை வழியே வெளிப்படுவது. அது செடியின் ஜீவனம், அதில் கை வைக்க நமக்கு அதிகாரமில்லை. மற்றொரு பங்கு, செடிக்குச் சற்றும் பிரயோஜனப்படாமல், வெயில் பட்ட மண்ணிலிருந்து நேரே காற்றில் கலப்பது. செடி இளசாக இருந்து, இலைகள் விரிந்து தரையை நிழலால் மறைக்காத முதல் மாதத்தில், நாம் ஊற்றுவதில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வழியேதான் போகிறது. மூடாக்கு தடுப்பது இதனைத்தான். மூடாக்குப் போட்டால் தண்ணீரே வேண்டாம் என்று சிலர் உற்சாகத்தில் சொல்லுவது உண்மையல்ல. நாள்தோறும் ஊற்றியதை ஒன்றுவிட்டு ஒரு நாளாக்கலாம், மண்ணும் காலமும் இசைந்தால் அதற்கும் மேலே தள்ளலாம், அவ்வளவே. ஆனால் குடத்தைச் சுமக்கிறவருக்கு அந்த ‘அவ்வளவு’ மிகப் பெரிது.

ஜலத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை. திறந்த மண்ணின்மேல் மழைத்துளி நேராக விழும்போது மேல்மண் கலைந்து, நுண்ணிய துகள்கள் மண்ணின் கண்களை அடைத்து, காய்ந்தபின் ஓடுபோல் இறுகி விடுகிறது. அடுத்த தடவை ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் பக்கவாட்டில் ஓடுகிறது; அதைக் கொத்திவிட ஆள் வேண்டும், அல்லது நம் முதுகு வேண்டும். வெளிச்சம் பட்ட மண்ணில் களை விதைகள் முளைக்கின்றன. அதற்கும் முதுகு வேண்டும். சருகின் மேல் விழும் துளி உடைந்து மெதுவாக இறங்குகிறது; இருட்டில் கிடக்கும் களை விதை பெரும்பாலும் முளைப்பதில்லை; கோரையும் அறுகும் மட்டும் இதற்கெல்லாம் அஞ்சாமல் ஊடுருவி வரும், அவற்றைக் கிழங்கோடும் வேரோடும் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

சித்திரை மாதத்து நடுப்பகலில், நன்றாக மூடி வைத்த ஒரு பாத்தியில் கையை விட்டுச் சருகை விலக்கிப் பார்த்தவர்களுக்கு நான் இவ்வளவு தூரம் எழுத வேண்டியதில்லை. மேலே கிடக்கும் இலை தொட்டால் நொறுங்கும். அதன்கீழே உள்ளது வளையும். அதற்கும் கீழே, நரம்பு மட்டும் மிஞ்சிச் சல்லடையாகிப்போன இலைகளை ஒன்றோடொன்று தைத்தாற்போல வெள்ளைப் பூஞ்சண இழைகள் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றினிடையே ஒரு மரவட்டை சுருண்டுகொள்ளும். அடியில் மண் கறுத்து, விரலில் ஒட்டும் அளவுக்கு ஈரமாக, மழை பெய்த வாசனையோடு இருக்கும். பக்கத்திலேயே மூடாத பாத்தியில் காலை வைக்க முடியாத சூடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் நான்கு விரற்கடைக் குப்பை.

அந்தக் குப்பையை மண்ணாக்கும் கூலியாட்களைப் பற்றி முதலில் சாங்கோபாங்கமாக எழுதியவர் சார்ல்ஸ் டார்வின். அவர் தம் வாழ்நாளின் கடைசிப் புஸ்தகத்தை, 1881-இல், மண்புழுக்களைப் பற்றியே எழுதினார். இங்கிலாந்தின் பல பாகங்களில் ஏக்கருக்கு வருஷம் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே சென்று மேலே வருகிறது என்று கணக்கிட்ட அவர், புழுக்கள் உதிர்ந்த இலைகளைத் தங்கள் வளைக்குள் இழுத்துக்கொள்ளும்போது பெரும்பாலும் கூர்நுனியைப் பிடித்து இழுக்கின்றன என்பதையும் பொறுமையோடு கவனித்து எழுதியிருக்கிறார். மண்ணின்மேல் இலை கிடந்தால்தான் புழு மேலே வரும். புழு வந்து போனால்தான் மண்ணில் துவாரம் விழும். துவாரம் இருந்தால்தான் காற்றும் ஜலமும் வேருக்கு எட்டும். மண்புழு உரத்தைப் பொட்டலமாக விலைகொடுத்து வாங்குகிற நாம், புழுவுக்கு வேண்டிய இலையைத் தெருவில் கொளுத்துகிறோம்.

அமெரிக்காவில் கனெக்டிகட் ராஜ்யத்தில் ரூத் ஸ்டௌட் என்ற அம்மையார், 1944-ஆம் வருஷத்து வசந்தகாலத்தில் உழுகிறவன் வரவுக்காகக் காத்திருந்து சலித்து, இனி உழுவதே இல்லை என்று தீர்மானித்து, தோட்டம் முழுவதும் எட்டு அங்குல கனத்துக்கு உலர்ந்த புல்லைப் பரப்பி அதன் நடுவில் பயிரிடத் தொடங்கினார். 1955-இல் அவர் எழுதிய புஸ்தகம் முதுகுவலி இல்லாமல் தோட்டம் போடுவது எப்படி என்பதைப் பற்றியது. ஜப்பானில் ஷிகோகு தீவில் மசானோபு புகோகா, அறுத்த வைக்கோலை அப்படியே வயலுக்குத் திருப்பிக் கொடுத்ததைப் பற்றி 1975-இல் எழுதிய சிறு நூல் உலகமெங்கும் படிக்கப்பட்டது; தமிழிலும் வந்திருக்கிறது. கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையின் உத்தியோகத்தைத் துறந்து வெளியேறிய நம்மாழ்வார், 2013-இல் காலமாகும் வரையில், திறந்த மண்ணை மூடுங்கள் என்பதை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார்.

இவர்களிடம் எனக்குள்ள மரியாதை பெரிது. ஆயினும் அவர்களுடைய வைக்கோலை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ரூத் ஸ்டௌட் அம்மையாருக்கு மாடு தின்னாத கெட்டுப்போன புல் எளிதில் கிடைத்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் வைக்கோல் என்பது மாட்டின் ஆகாரம்; கோடையில் அதற்குப் பற்றாக்குறை வரும்போது கறவை மாடு வைத்திருப்பவர் அதற்குக் கொடுக்கும் விலையில்தான் நாமும் வாங்க வேண்டும். மாட்டின் வாயிலிருந்து பிடுங்கித் தக்காளிக்குப் போடுவது சிக்கனமும் ஆகாது, தர்மமும் ஆகாது. இதுவன்றி வைக்கோலில் ஒட்டிவரும் நெல் முளைத்துப் பாத்தியே நாற்றங்கால் ஆகிவிடுவதும் உண்டு. நமக்கு உரியது மரத்தின் சருகு. அதை மாடும் தின்னாது. யாரும் விலை கேட்கவும் மாட்டார்கள்.

சென்னைத் தெருக்களில் வேம்பும் புங்கையும் தூங்குமூஞ்சியும் கொன்றையும் நாட்டு வாதுமையும் நிற்கின்றன. வேப்பமரம் மாசி பங்குனியில் இலை உதிர்க்கிறது. தைப்பட்டத்தில் வைத்த செடி வெயிலைக் காணத் தொடங்கும் காலமும் அதுவே. புங்கையும் தூங்குமூஞ்சியும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் இலை சீக்கிரம் மக்கும், மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும். மாவிலையும் தேக்கிலையும் தடித்தவை. நறுக்கிப் போடாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தண்ணீர் இறங்காமல் தடுக்கும். தைல மரத்து இலை விதை முளைப்பதையே கெடுக்கக் கூடியது. அதை விலக்குவது நல்லது. வாழைப்பட்டையைத் துண்டு துண்டாக வெட்டிக் கவிழ்த்துப் போட்டால் அதிலுள்ள ஈரமே சில நாள் செடிக்குக் காணும். தென்னை இருக்கிற வீட்டில் தேங்காய் உரிமட்டை உண்டு: தென்னைச் சாகுபடியில் மரத்தைச் சுற்றிய வட்டப் பாத்தியில் நூறு மட்டைகளைக் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கச் சொல்லுவது வழக்கம். ஊர்ப்புறத்தில் ஈரம் காக்கச் சொன்ன அந்த முறை நகரத்தில் இன்னொரு வகையிலும் அவசியமாகிறது; மட்டையைக் கிண்ணம்போல் நிமிர்த்தி வைத்தால் மழைநீர் தேங்கி டெங்குக் கொசு வளரும்.

அடையாற்றில் எனக்குப் பழக்கமான ஒரு வீட்டு அம்மாள், தெருவைப் பெருக்க வரும் பெண்ணிடம் தயங்கித் தயங்கித்தான் முதலில் சருகு கேட்டார். “தாராளமா எடுத்துக்கோங்கம்மா, எனக்கு ஒரு நடை வண்டி மிச்சம்” என்று அவள் சொன்னாளாம். அன்றுமுதல் அந்த வீட்டுக் கேட்டுக்குப் பக்கத்தில் கோணிப்பை ஒன்று மாட்டியிருக்கிறது. அந்தப் பெண் பிளாஸ்டிக் உறையையும் பான்பராக் பொட்டலத்தையும் பொறுக்கி நீக்கிவிட்டே சருகைக் கொட்டுகிறாள். இந்த அம்மாள் மாதம் பிறந்ததும் அவளுக்கு ஒரு தொகை கொடுத்து விடுகிறார். இது நியாயமான ஏற்பாடு. சருகுக்கு விலை இல்லாவிட்டாலும் பொறுக்குகிற கைக்கு உண்டு. ஆனால் பெரும்பாலான தெருக்களில் அதே சருகு மற்றக் குப்பையோடு கலந்து பெருங்குடி, கொடுங்கையூர்க் குப்பைமேடுகளுக்குப் போகிறது, அல்லது விடியற்காலையில் நடைபாதை ஓரத்தில் புகைகிறது. திறந்தவெளியில் குப்பை எரிப்பவருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்பவருக்கு 25,000 ரூபாயும் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. புகை நின்றபாடில்லை.

மூடாக்கினால் தொல்லையே இல்லை என்று எழுதினால் அனுபவஸ்தர்கள் நம்பமாட்டார்கள். செம்மண் பூமியில் காய்ந்த சருகுக்குக் கரையான் வரும். அடியில் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கைத் தூவி, சருகு அறவே உலர்ந்து போகாமல் இலேசாகத் தெளித்துவந்தால் பெரும்பாலும் அடங்கும். ஐப்பசி அடைமழையில் ஈரச் சருகு தண்டை ஒட்டிக் கிடந்தால் தண்டின் அடி அழுகும். எப்போதுமே தண்டைச் சுற்றி இரண்டு விரற்கடை இடம் விட்டுவிட வேண்டும், மழைக் காலத்தில் மூடாக்கை மெல்லிசாக்கிவிட வேண்டும். ஆப்பிரிக்கப் பெருநத்தை புகுந்த தோட்டத்தில் அது பகலெல்லாம் சருகின் அடியில் ஒளிந்து இரவில் நாற்றுகளை மேய்ந்துவிடும். டார்ச் விளக்கோடு போய்க் கையால் பொறுக்குவதைத் தவிர வீட்டுத் தோட்டக்காரருக்கு நல்ல பரிகாரம் இல்லை. மரத்தூளை மண்ணோடு கலந்துவிட்டால் அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொண்டு கீரையை வெளிறச் செய்யும்; கலக்காமல் மேலே பரப்பினால் இந்தத் தீங்கு மிகக் குறைவு. கீரை விதை தூவிய பாத்தியை மூடவே கூடாது. முளைத்து நான்கு விரல் உயர்ந்த பிறகு இடையிடையே தூவினால் போதும்.

விவசாயிகள் கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தக்காளிக் காடுகளில் ஒருபுறம் வெள்ளியும் மறுபுறம் கறுப்புமான பிளாஸ்டிக் தாளை விரிக்கிறார்கள். அவர்களுக்குக் களையெடுக்கும் கூலியில் அது ஈடாகிறது. வீட்டுத் தோட்டத்துக்கு அது வேண்டாத செலவு. மண்ணுக்கு ஆகாரமாகாது, கிழிந்த பிறகு அதைப் போட இடமும் கிடையாது.

மாடித் தோட்டக்காரருக்குச் சங்கடம் சற்று அதிகம். அரசாங்கத் தோட்டக்கலைத் துறையார் மானியத்தில் தரும் தொகுப்பில் 6 வளர்ப்புப் பைகளும், இரண்டு கிலோ எடையுள்ள 6 தென்னை நார்க்கழிவுக் கட்டிகளும், 6 வகை விதைகளும், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நுண்ணுயிர்ப் பொருள்களும், வேப்பெண்ணெயும் இருக்கின்றன. நல்ல ஏற்பாடுதான், தொடங்குகிறவரின் முதற்செலவை அது வெகுவாகக் குறைக்கிறது. ஆனால் மாடியில் பையின் மேல்வாய் மட்டுமல்ல, நான்கு பக்கமும் வெயில் காய்கிறது. ஆகையால் பைகளை நெருக்கி வைத்து, மேலே நான்கு விரற்கடை சருகு போட வேண்டும். நார்க்கழிவை வாங்கியவுடன் இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்து உப்பை வெளியேற்றாமல் உபயோகிப்பது தவறு. அது ஜலத்தைப் பிடித்து வைக்குமே தவிர, அதில் செடிக்கு ஆகாரம் என்று சொல்லத்தக்கது இல்லை. பை நிறைய வெறும் மண்ணை அடைப்பதும் ஆகாது. ஒரு கன அடி ஈர மண் ஏறக்குறைய 45 முதல் 50 கிலோ கனக்கும். தளம் ஒழுகத் தொடங்கினால் அதைச் செப்பனிடும் செலவில் பல வருஷத்துக் காய்கறியை வாங்கிவிடலாம். மக்கிய சருகு கனமில்லாதது. முதல் வருஷம் மேலே போட்ட மூடாக்கு அடுத்த வருஷம் பையை நிரப்பும் எருவாகிறது. மண்புழு உரப் பொட்டலம் வாங்கும் அவசியமும் அப்படியே தேய்ந்து போகிறது.

எதைப் பயிரிடுவது என்பதும் செலவைச் சேர்ந்த கேள்வியே. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் மாடியில் போட்டுக் கோயம்பேட்டுச் சந்தை விலையோடு போட்டியிட நினைப்பது வீண் யத்தனம். அந்த விலை குறைவாக இருப்பதற்கு விவசாயிக்கு அவன் உழைப்பின் கூலி முழுதாகக் கிடைக்காததும் ஒரு காரணம் என்பதை, தம் கையால் ஒரு கிலோ கத்தரிக்காய் விளைவித்தவர் எளிதில் உணர்ந்துகொள்ளுவார். வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றவை, பறித்த சில மணி நேரத்தில் வாடிப்போகிறவையும், கொஞ்சம் கொஞ்சமாக நாள்தோறும் வேண்டியவையும்: அரைக்கீரை, முளைக்கீரை, புதினா, கொத்தமல்லி, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், நாலைந்து வெண்டை, ஒரு கொடி அவரை. முளைக்கீரை மூன்று நான்கு வாரத்தில் கைக்கு வரும். அரைக்கீரை அறுக்க அறுக்கத் தழைக்கும். நாட்டு விதையாக இருந்தால் ஒரு காயை முற்றவிட்டு அடுத்த பருவத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். விதைச் செலவும் அத்தோடு நின்று போகும்.

நகரசபைகள் செய்யத்தக்க காரியம் ஒன்று இருக்கிறது; அதற்குப் பெரிய திட்டமும் நிதியும் வேண்டியதில்லை. பூங்காவிலும் தெருவிலும் பெருக்கிய சருகை மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனியே வைத்து, வார்டுக்கு ஓர் இடத்தில், வேண்டுகிறவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போகும்படி விட்டால் போதும். குப்பை லாரியின் நடை குறையும்; புகை குறையும்; தோட்டம் போடுகிறவருக்குச் செலவின் பெரும்பகுதி குறையும். வேம்பு உதிரும் மாசி மாதத்தில் இதை ஆரம்பித்தால், அந்தக் கோடையிலேயே பலன் தெரியும்.